7டிபி-யா, 10டிபி-யா? போலந்தின் இரண்டு டாங்கிகள்

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். 7டிபி என்றால் ஏழு டன் போலந்து டாங்கி, 10டிபி என்றால் பத்து டன். ஆனால் எடை போட்டால் முன்னது கிட்டத்தட்ட 10 டன், பின்னது 13 டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. பெயர் வைத்தவர்களுக்குத் தராசு கிடைக்கவில்லை போலும்.

இரண்டுமே வெளிநாட்டு விதைதான். 1931-இல் போலந்து பிரிட்டனின் விக்கர்ஸ் ஆறு டன் டாங்கிகளில் 38-ஐ உரிமத்தோடு வாங்கியது. அதில் காற்றால் குளிரும் பெட்ரோல் எஞ்சின், சீக்கிரம் சூடேறிவிடும். அதைத் தூக்கிவிட்டு, ஸ்விஸ் நிறுவனமான சாரரின் உரிமத்தில் செய்த 110 குதிரைத்திறன் டீசல் எஞ்சினை வைத்தார்கள். அதுதான் 7டிபி. டீசலுக்குச் சட்டென்று தீப்பிடிக்காது. உள்ளே உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கு இது சின்ன விஷயமில்லை.

10டிபி-யின் கதை வேறு. அமெரிக்க டாங்கி வடிவமைப்பாளர் வால்டர் கிறிஸ்டியிடம் ஒரு டாங்கிக்கு ஒப்பந்தம் போட்டுப் பணமும் கொடுத்தார்கள். டாங்கி வரவில்லை, பணத்தைத் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. சரி, அதே பாணியில் நாமே செய்வோம் என்று இறங்கினார் போலந்துப் பொறியாளர் ருடால்ஃப் குண்ட்லாக். டாங்கிக்குள்ளிருந்தே சுற்றிலும் பார்க்க உதவும் பெரிஸ்கோப்பை வடிவமைத்தவரும் இவர்தான். 1938-இல் ஒரே ஒரு மாதிரி வண்டி தயாரானது.

கிறிஸ்டி வண்டியின் வித்தை இது: சாலையில் போகும்போது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிகளைக் கழற்றி வைத்துவிட்டு, பெரிய ரப்பர் சக்கரங்களிலேயே ஓட்டலாம். 1920-களின் சங்கிலிகள் சில நூறு கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோகும் என்பதால் அந்தக் காலத்துக்கு இது புத்திசாலித்தனமான யோசனைதான். 10டிபி சங்கிலியில் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர், சக்கரத்தில் 75 வரை போகும் என்பது கணக்கு. 7டிபி 35-ஐத் தாண்டினாலே பெரிது. லாரியில் இருப்பது போல அடுக்கு ஸ்பிரிங்கில் தொங்கும் சின்னச் சின்ன சக்கரங்களோடு அதற்குமேல் விரட்ட முடியாது.

அப்படியானால் 10டிபி-தானே வெற்றி? அவசரப்படாதீர்கள். பீரங்கி இரண்டிலும் ஒன்றுதான், 37 மில்லிமீட்டர் போஃபர்ஸ். கவசம் 17-க்கு 20 மில்லிமீட்டர். அந்த மூன்று மில்லிமீட்டரால் டாங்கி எதிர்ப்புக் குண்டு நிற்கப்போவதில்லை. நாலாவது ஆள் ஒருவர் முன்பக்க இயந்திரத் துப்பாக்கியோடு கூடுதலாக வருகிறார், அது லாபம். ஆனால் எஞ்சின்தான் தலைவலி. அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் பெட்ரோல் எஞ்சின் எதிர்பார்த்த சக்தியைத் தராமல் 210 குதிரைத்திறனோடு நின்றுவிட்டது. போலந்தில் பட்டறையிலேயே செய்யக்கூடிய டீசலை விட்டுவிட்டு, இறக்குமதி எஞ்சினை நம்பி ஒரு படையைக் கட்ட முடியுமா?

என் கணக்கில், ஜெர்மனி போலந்து மீது படையெடுத்த 1939-க்கு 7டிபி-தான். வேகம் குறைவு, கவசம் மெல்லிசு, ஆனால் நூற்றுக்கு மேல் கையில் இருந்தது. போலந்தின் பியோட்ருகூஃப் நகரத்துப் பக்கம் செப்டம்பர் தொடக்கத்தில் மோதியபோது ஜெர்மனியின் இலகு டாங்கிகளை அது துளைத்தது, எண்ணிக்கைதான் போதவில்லை.

அப்புறம், 10டிபி-யில் உருப்படியான விஷயம் சக்கரத்தில் ஓடுவது இல்லை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி ஸ்பிரிங் கொடுத்த அமைப்புதான். கழற்றி மாட்டும் வித்தைக்கான இயந்திரங்கள் எடையையும் இடத்தையும் தின்றன. கிறிஸ்டி வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்த சோவியத்துக்காரர்களும் டி-34 டாங்கிக்கு வந்தபோது ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு சக்கர ஓட்டத்தை விட்டுவிட்டார்கள். போலந்திலும் அதே முடிவுக்கு வந்து, சங்கிலி மட்டும் கொண்ட, கனமான கவசமுள்ள 14டிபி-யைத் தொடங்கினார்கள். 1939 செப்டம்பரில் போர் வந்தபோது அது பாதி வேலையில் பட்டறையிலேயே நின்றது.