500 ரூபாய் டிக்கெட்டும் இரவல் கதிரையும்

எட்டு வருசத்துக்குப் பிறகு லண்டனில் இருந்து மட்டக்களப்புக்குப் போனேன். கல்லடி மாமாவோடு மைதானத்தில் உட்கார்ந்து ஓர் உதைபந்தாட்டம் பார்க்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மிக்கேல் கல்லூரியில் படித்தவர் அவர். மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அமெரிக்க இயேசு சபைக் குருவானவரைப் பற்றி நேற்றுக் கண்டதுபோலப் பேசுவார். எனக்குப் பந்து உதைக்கப் பழக்கியதும் அவர்தான்.

இந்த ஆட்டம் வேறொரு மைதானத்தில். இணையத்தில் டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். உள்ளூர் அடையாள அட்டை இலக்கம் கேட்டது. மாமாவுடையதைப் போட்டேன். சரி, அடுத்தது பணம்: என் லண்டன் வங்கி அட்டையை ஏற்கவில்லை. நேரே போய்க் கேட்டால், "மேட்ச் அண்டைக்கு வாங்க அண்ணன்" என்றார்கள்.

அன்றைக்குப் போனால் ஒரே ஒரு வாசல். கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்க, நாற்பது நிமிசம் வரிசையில் நின்றோம். முதல் கோலுக்கு எழுந்த ஆரவாரத்தை மதிலுக்கு வெளியே நின்றுதான் கேட்டோம். மாமா என் கையைப் பிடித்து, "நம்மட பக்கமா மனே?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

ஆளுக்கு 500 ரூபாய். டிக்கெட்டில் 'பவிலியன்' என்று, அதாவது கூரையின்கீழ் உட்காரும் இடம் என்று, தெளிவாக அச்சடித்திருந்தது. உள்ளே நிழல் விழுந்த இடமெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள், மூன்று வரிசை. விருந்தினருக்காம். இடைவேளை வரை பாதிக்குமேல் வெறுமையாகவே கிடந்தன. மாமா, முழங்கால் தேய்ந்த 74 வயது மனுசன், கம்பியைப் பிடித்தபடி நின்றார். கேட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள். அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பெண்களுக்கான மலசலகூடம் பூட்டிக் கிடந்தது. திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆரையம்பதியில் இருந்து மகளோடு வந்த ஒரு தாய், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தார். இப்படி என்றால் அடுத்தமுறை அந்தப் பிள்ளை வருமா?

ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பெடியன்கள் உயிரைக் கொடுத்து விளையாடினார்கள். இந்தச் சனமும் அப்படித்தான், வெயிலில் நின்றே தொண்டை கிழியக் கத்தியது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் எதிரணியின் மைதானத்துக்குப் போகும் ரசிகருக்கான டிக்கெட் 2016-17 பருவத்தில் இருந்து 30 பவுணுக்கு மேல் போகக்கூடாது. ரசிகர்கள் சேர்ந்து நின்று போராடித்தான் அதைப் பெற்றார்கள். நாங்கள் கேட்பது அவ்வளவு பெரிய விசயம்கூட இல்லை: இன்னொரு வாசல், கதிரை, திறந்த மலசலகூடம்.

இடைவேளையில் தேத்தண்ணிக் கடைக்காரர் மாமாவைக் கண்டுவிட்டு, தான் இருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக் கொடுத்தார். இரண்டாம் பாதி முழுக்க அவர் நின்றபடியே வியாபாரம் பார்த்தார்.

வாசல், கதிரை, மலசலகூடம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மாமாவின் கையெழுத்தும் வாங்கி, ஏற்பாட்டாளர்களிடம் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.