4,299 ரூபாய் போச்சு: புது ஆன்லைன் கேமை முதல் நாளே வாங்கப் போகிறவர்கள் படிக்கவும்

இன்னும் கோபம் தணியவில்லை. தணிந்த பிறகு எழுதினால் ரொம்ப நாகரிகமாக வந்துவிடும், அதனால் இப்போதே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை ஒரு மல்டிபிளேயர் கேம் வாங்கினேன். விலை 4,299 ரூபாய். இன்று புதன். கேமும் கையில் இல்லை, 4,299 ரூபாயும் கையில் இல்லை. நான் மொத்தம் விளையாடியது 19 நிமிடம்.

கேமின் பெயரைச் சொல்லப் போவதில்லை, வாங்கிய கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பெயரைப் போட்டால் பணம் திரும்பி வருகிற கொஞ்சநஞ்ச வாய்ப்பும் போய்விடும் என்று நண்பன் பயமுறுத்தியிருக்கிறான். கேமைத் திறக்கிற கீயை, அதாவது எழுத்தும் எண்ணுமான ஒரு குறியீட்டை மட்டும் விற்கிற ஒரு வெப்சைட். ஆர்டர் எடுப்பது வாட்ஸ்அப்பில். இந்த அளவுக்கு அடையாளம் போதும், இதே மாதிரி இன்னும் நூறு இருக்கும்.

நாங்கள் நாலு பேர். திருப்பூரில் பள்ளிக்கூடம் படித்தபோது மணிக்கு 20 ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்கள். இப்போது ஒருத்தன் பெங்களூரில், ஒருத்தன் ஈரோட்டில், ஒருத்தன் சிங்கப்பூரில். நான் மட்டும் ஊரிலேயே ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து தவிர நாலு பேரும் ஒன்றாகச் சேர்வது என்றால் ஏதாவது ஒரு கேமுக்குள்தான். அதனால் நாலு பேர் ஒரு அணியாக ஆடுகிற புது கேம் வருகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் நாளே வாங்கிவிட வேண்டும் என்று மூணு மாசமாக எல்லோரையும் அரித்துக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூர்க்காரன் மட்டும் அசையவில்லை. "ஒரு மாசம் பொறுடா" என்றான். ஹெல்டைவர்ஸ் 2-ஐ உதாரணம் காட்டினான். 2024 பிப்ரவரியில் அது வந்தபோது கூட்டம் தாங்காமல், ஒரே நேரத்தில் நாலரை லட்சம் பேருக்கு மேல் உள்ளே விடமாட்டோம் என்று வரம்பு வைத்தார்கள். பணம் கட்டியவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "அப்புறம் சூப்பரா ஓடுச்சுல்ல? முதல் வாரம் வாங்கினவனுக்கும் அடுத்த மாசம் வாங்கினவனுக்கும் அதே கேம்தான்டா. முதல் வாரத்துக்காரன் வரிசையில நின்னான், அவ்வளவுதான் வித்தியாசம்." அதோடு விட்டானா, தி டே பிஃபோர் கதையையும் எடுத்தான். ஊரே ஆசைப்பட்டுக் காத்திருந்த கேம். 2023 டிசம்பர் 7-ல் விற்பனைக்கு வந்தது, 11-ஆம் தேதி அதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். நாலே நாள்.

நான் சும்மா இருந்தேனா? என்னிடமும் பதில் இருந்தது. கான்கார்ட் கேமைப் பார், 2024 ஆகஸ்ட் 23-ல் வந்து செப்டம்பர் 6-ல் சர்வரை அணைத்தார்கள், ஆனால் வாங்கிய எல்லோருக்கும் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்களே, மோசமாக இருந்தால் நமக்கும் வந்துவிடும் என்று வாதம் பண்ணினேன். அந்தச் செய்தியைப் பாதி படித்திருந்தேன். மீதிப் பாதியில், டிஜிட்டல் கடையில் நேரடியாக வாங்கியவர்களுக்கு அதே கடை தரும், வெளியே டிஸ்க்காக வாங்கியவர்கள் வாங்கின கடையிடமே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பணம் போன வழியில்தான் திரும்பி வரும். இது தெரிந்திருந்தால் இந்தப் பதிவே கிடையாது.

முன்பதிவு செய்து டீலக்ஸ் பதிப்பு வாங்கினால் மற்றவர்களுக்கு மூணு நாள் முன்னாலேயே ஆடலாம், கூடவே ஒரு தங்கக் கலர் துப்பாக்கி. அந்தத் துப்பாக்கி அப்புறம் எப்போதும் கிடைக்காதாம். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. 27 வயசு எனக்கு.

சரி, கடைக்கு வருகிறேன். கேம் ஓடும் தளத்தில், அதாவது ஸ்டீம் மாதிரி கேமை நேரடியாக விற்று அதிலேயே ஆடவிடுகிற இடத்தில், டீலக்ஸ் விலை 5,499. இந்தக் கடையில் 4,299. ஆளுக்கு 1,200 மிச்சம். உடனே தாவிவிடவில்லை, அந்த அளவுக்கு முட்டாள் இல்லை. வாட்ஸ்அப்பில் மூணு கேள்வி கேட்டேன். இந்தியாவில் வேலை செய்யுமா, சர்வர் எந்த ஊரில், பிடிக்கவில்லை என்றால் பணம் வருமா. கேள்வியை இங்கிலீஷில்தான் கேட்டேன். பதில் இப்படி வந்தது:

"ப்ரோ நம்பர் பார்த்தா நம்ம ஊர்ப்பக்கம் மாதிரி இருக்குது. நான் கோயமுத்தூருங்க. தைரியமா வாங்குங்க, சர்வர் சிங்கப்பூருங்க. ஏதாவதுன்னா நான் இருக்கறனுங்க."

அந்த "ங்க"வில் விழுந்தேன். வேறு எதிலும் இல்லை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து விற்கிற கீ, எவன் எங்கே வாங்கினான் என்று தெரியாத கீ, அதை எங்கள் பேச்சில் ஒருத்தன் விற்றதும் பக்கத்துத் தெரு மளிகைக் கடை மாதிரி ஆகிவிட்டது எனக்கு. நம்பரைப் பார்த்து எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடித்தான் என்றுகூட யோசிக்கவில்லை. என் டிபியில் அவினாசி கோயில் தேர். அதைப் பார்த்திருப்பான், வேறென்ன.

யூபிஐயில் 4,299 அனுப்பினேன். ஆறு நிமிடத்தில் கீ வந்தது, போட்டதும் வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் செய்த காரியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த நம்பரை பெங்களூர்க்காரனுக்கும் ஈரோட்டுக்காரனுக்கும் அனுப்பி, "நம்ம ஊர்ப் பையன்தான்டா, நம்பி வாங்கு" என்றேன். அவர்களும் ஆளுக்கு 4,299 போட்டார்கள். மூணு பேருக்கும் சேர்த்து 12,897. சிங்கப்பூர்க்காரன் வாங்கவில்லை. இப்போது எங்கள் குரூப்பில் அவன் எதுவுமே சொல்லாமல் இருப்பது, சொல்வதைவிட மோசம்.

வியாழன் ராத்திரி ஒன்பதரைக்குத் திறந்தது. உள்ளே போனதும் "வரிசையில் உங்கள் இடம் 38,412" என்று ஒரு திரை. நம்பர் குறைகிறது, குறைகிறது, 9,000 பக்கம் வந்ததும் தொடர்பு அறுந்தது. மறுபடி போனால் 41,000 சொச்சம். ரேஷன் கடையில்கூட வரிசையைவிட்டு ஒரு நிமிஷம் நகர்ந்தால் பின்னால் நிற்பவர் இடம் பிடித்து வைப்பார். பதினொன்றரைக்கு அம்மா எழுந்து வந்து, "என்ன கண்ணு, சும்மா நம்பரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கற?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

12.33-க்கு உள்ளே போனேன். சிங்கப்பூர் சர்வர் என்றால் இங்கிருந்து பிங், அதாவது நாம் அனுப்புவது சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், அதிகம் போகாது, சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் நேராகப் போகிறது. எனக்குக் காட்டியது 138 மில்லிசெகண்ட். பட்டியலைத் திறந்து பார்த்தால் ஆசியா என்று இருந்த ஒரே சர்வர் டோக்கியோ. நான் ஒருத்தனைப் பார்த்துச் சுடுவதற்குள் அவன் என்னைச் சுட்டு, மேலே போய், அடுத்தவனையும் சுட்டிருப்பான். 19 நிமிடம் அப்படி ஓடியது. அப்புறம் சர்வர் விழுந்தது. தளத்தின் கணக்கில் நான் "விளையாடிய நேரம்" 3 மணி 22 நிமிடம். வரிசையில் நின்றதும் விளையாட்டாம். கேம் திறந்திருந்தாலே அந்தக் கடிகாரம் ஓடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பணம் கேட்டேன். தளத்தில் கேட்டால், கீ வெளியில் வாங்கியது, விற்றவரிடம் கேளுங்கள் என்றார்கள். கேம் கம்பெனிக்கு எழுதினால், உங்கள் பொறுமைக்கு நன்றி, விற்றவரைத் தொடர்புகொள்ளவும். சரி என்று நம்ம ஊர்க்காரரிடம் வந்தேன்.

"டீம்கிட்ட சொல்லியிருக்கறனுங்க ப்ரோ." இது காலையில். "டிக்கெட் போட்டாச்சு ப்ரோ." இது மத்தியானம். கவனியுங்கள், "ங்க" போய்விட்டது. சனிக்கிழமை நாலு மெசேஜ் அனுப்பினேன், நாலுக்கும் நீல டிக் மட்டும். சாயங்காலம் ஒரே ஒரு பதில்: "ஆஸ் பெர் அவர் பாலிசி, டிஜிட்டல் ப்ராடக்ட் ஒன்ஸ் டெலிவர்டு நான் ரீஃபண்டபிள்." பணம் வாங்கும்போது கோயமுத்தூர், பணம் கேட்டால் லண்டன்.

"ஏதாவதுன்னா நான் இருக்கறனுங்க" என்று அவரே அனுப்பியதை எடுத்து அவருக்கே திருப்பி அனுப்பினேன். அதற்கும் நீல டிக்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என்ன ஆனாலும் ஆகட்டும், பணம் வரவில்லை என்றால் கேமையாவது ஆடுவோம் என்று உட்கார்ந்தேன். லைப்ரரியில் கேம் இல்லை. கீ ரத்து செய்யப்பட்டதாக ஒரு வரி வந்திருந்தது. ஈரோட்டுக்காரனுக்கும் அதே. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன்: திருட்டு கிரெடிட் கார்டில் கீயை மொத்தமாக வாங்கி இந்த மாதிரிக் கடைகளில் தள்ளிவிடுகிற கூட்டம் உண்டு. கார்டுக்குச் சொந்தக்காரர் பேங்க்கில் புகார் கொடுத்ததும் பேங்க் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், கம்பெனி கீயை ரத்து செய்யும். நடுவில் நிற்பது நாம். கடைக்காரரிடம் கேட்டேன். டிபி காணாமல் போனது. ஒற்றை டிக். பிளாக்.

பெங்களூர்க்காரன் கீ மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. தினமும் காலையில் எழுந்ததும், இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்கிறானாம். நாலு பேர் ஆடுகிற கேமில் அவன் ஒருத்தன் நின்று யாரோ மூணு பேரோடு ஆடுகிறான்.

ஈரோட்டுக்காரனுக்குப் போன மாசம்தான் குழந்தை பிறந்தது. என் பேச்சைக் கேட்டு 4,299 போட்டவன். "பரவால்ல விட்றா" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் 4,299, அவன் 4,299, ஆக 8,598.

பேங்க்கில் கேட்டேன். "நீங்களே பின் போட்டு அனுப்பினதுதானே சார்" என்றார்கள். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் பேங்க் மூலமாகவே டிஸ்ப்யூட் போட்டிருக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அங்கே கடையின் முகவரி கேட்டபோதுதான் அந்த வெப்சைட்டின் அடிவரைக்கும் முதல்முறையாகப் போய்ப் பார்த்தேன். 2020-ல் வந்த மின்வணிக விதிப்படி, இந்தியாவில் விற்கிற கடை தன் சட்டபூர்வமான பெயர், முகவரி, குறைதீர்க்கும் அதிகாரியின் விவரம் எல்லாம் போட்டிருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாசத்தில் தீர்க்க வேண்டும். இங்கே அடியில் இருந்தது ஒரு வாட்ஸ்அப் பட்டனும், "100% நம்பகமானது" என்ற பச்சை முத்திரையும்தான். அந்த முத்திரையை வாங்கும்போது பார்த்தேன். அதுக்குக் கீழே ஒன்றுமில்லை என்பதைப் பார்க்கவில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய பத்து விஷயம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். மணி பன்னிரண்டரை, காலையில் ஆபீஸ். முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கேம் ஓடுகிற தளத்திலேயே வாங்குங்கள், 1,200 அதிகமானாலும். ஸ்டீமில் நேரடியாக வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் கீழே ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திருப்பித் தருவார்கள். ஆனால் டீலக்ஸ் வாங்கி முன்கூட்டியே ஆடுகிற நேரமும் 2024 ஏப்ரலிலிருந்து அந்த இரண்டு மணியில் சேரும், வரிசை நீளமாக இருந்தால் கேமை மூடிவிட்டுப் படுக்கப் போங்கள். சர்வர் எந்த ஊர் என்று ஆடியவன் வாயால் கேட்ட பிறகு வாங்குங்கள், "ஆசியா" என்பது ஊர் இல்லை. நண்பர்களுக்கு நம்பர் அனுப்பாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஈரோட்டுக்காரன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அவன் மச்சினன் நம்பரிலிருந்து அதே கடைக்கு, அதே கேம் இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறான். இந்த நேரத்திலும் ஒரே நிமிஷத்தில் பதில்.

"இருக்குதுங்க ப்ரோ. நம்ம ஊர்ப்பக்கம் மாதிரி தெரியுது, ஈரோடுங்களா? 4,299 தானுங்க."

அதையும் புகாரோடு சேர்த்துவிட்டேன்.