மலைக்கு ஜெனரேட்டர் வாங்குபவர்கள் கவனத்துக்கு: என் 46,000 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரிதான் பூம்பாறையிலிருந்து மதுரைக்கு இறங்கினேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறையில் என் தாய்மாமா வீடு. மலைப்பூண்டு போடுகிறவர். மார்கழிக் காற்றில் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தைக்கு ஆஸ்துமா, நெபுலைசர் ஓடியாக வேண்டும். கையில் தூக்கிப் போகிற பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கலாம் என்று மதுரை டவுனுக்குள் பம்ப்செட், மோட்டார் விற்கிற ஒரு கடைக்குப் போனேன்.

முதலாளி உட்கார வைத்து காபி வரவழைத்தார். எந்த ஊர், யாருக்கு, என்னென்ன ஓட்டணும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “அண்ணே, இது 3 கேவிஏ. சுத்தமான காப்பர் வைண்டிங். குளிராவது பனியாவது!” என்று கயிற்றை இழுத்தார். (கேவிஏ என்றால் எவ்வளவு பாரம் தாங்கும் என்கிற சக்தி அளவு; வைண்டிங் என்றால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பி.) ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. மதுரை வெயிலில் எதுதான் ஸ்டார்ட் ஆகாது? அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அத்தைக்கு ஆஸ்துமான்னு சொல்றீங்க, குளிர்ல வெளிய போய் நிக்க விடாதீங்க. வராந்தாவுலயே வச்சு தார்ப்பாயைச் சுத்திக் கட்டிருங்க, சத்தமும் கேக்காது” என்றார். இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற மனிதரிடம் என்ன பேரம் பேசுவது? 46,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். பில் மிஷின் ரிப்பேர், நாளைக்கு வாட்ஸ்அப்பில் வரும் என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

மலைக்குப் போன அன்று, அவர் சொன்னபடியே வராந்தாவில் வைத்து தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினோம். சாயங்காலம் எப்படியோ ஓடியது. ராத்திரி அத்தைக்குத் தலைவலி, குமட்டல். குழந்தைகளும் தலை சுற்றுகிறது என்றார்கள். குளிர் என்று நினைத்துப் படுத்தோம். நல்லவேளை, கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக நின்றுபோனது.

காலையில் இழுத்து இழுத்துக் கை கழன்றதுதான் மிச்சம். கொடைக்கானலிலிருந்து வந்த மெக்கானிக் ஜெனரேட்டரைத் தொடவே இல்லை. முதலில் தார்ப்பாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினார். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். 2024-ல் இதே கொடைக்கானலில் அடுப்புக் கரியை அறைக்குள் வைத்துத் தூங்கி இரண்டு பேர் செத்ததை அவர்தான் ஞாபகப்படுத்தினார். எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது.

அப்புறம் பிரித்தார். உள்ளே குளிருக்கு ஆகாத கெட்டி ஆயில், கூழ் மாதிரி வடிந்தது. குளிரிலும் கெட்டியாகாத 10டபிள்யூ-30 ஆயில் ஊற்றி, சோக் இழுத்ததும் கிளம்பியது. அரை எச்பி மோட்டாரைப் போட்டதும் திணறி நின்றது. பனி ஈரத்தில் ‘3 கேவிஏ’ ஸ்டிக்கர் ஓரம் உரிந்து தொங்கியது. இழுத்தால் அடியில் கம்பெனித் தகடு: 2.2 கேவிஏ! பூம்பாறை ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு மூன்றரை சதவீதம் வீதம் சக்தி குறையும், அங்கே ஒன்றேமுக்கால்கூடத் தேறாது என்றார். வைண்டிங் கம்பியைச் சுரண்டிக் காட்டினார். அலுமினியம்.

கடைக்குப் போன் போட்டேன். “மலைல அப்படித்தாண்ணே இருக்கும், ரெண்டு நாள் ஓட்டுங்க.” அடுத்த முறை, “கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கு.” அப்புறம் மகன் எடுத்து, “அப்பா திருச்செந்தூர் போயிருக்காக.” ஸ்டிக்கர் போட்டோவை அனுப்பினேன். பார்த்ததற்கு நீல டிக், பதில் இல்லை. இன்று நேரில் போனால், எஸ்டிமேட் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம கடை பேரே இல்லையேண்ணே” என்கிறார் அதே மனிதர். காபி கொடுத்த அதே மேஜை. 46,000 ரூபாய்!

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள்: ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகைக்குழாய் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்க வேண்டும். வராந்தா, கார் ஷெட், கதவைத் திறந்து வைத்த அறை எதுவும் கூடாது. மழைக்கு மேலே மட்டும் கூரை போதும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஈபி லைனைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சுவிட்ச்) இல்லாமல் வீட்டு லைனில் சொருகாதீர்கள், கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேன் உயிர் போகும். ஸ்டிக்கரை நம்பாமல் தகட்டைப் படியுங்கள். ஜிஎஸ்டி பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். ஜிபே ரசீதும் ஸ்டிக்கர் போட்டோவும் இருக்கிறது. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் அங்கே புகார் கட்டணம் கிடையாது.