சன்ரூஃப் திரை சிக்கினால்: கோவையில் நம்பிக் கொடுக்கக்கூடிய ஒர்க்‌ஷாப்

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் இந்தச் சின்ன ஒர்க்‌ஷாப்பை நம்பி வண்டியை விடலாம். சன்ரூஃப் கண்ணாடிக்குக் கீழே மோட்டாரில் ஓடும் திரை நகரவில்லை என்றதும் முழு அசெம்பிளியையும் மாற்றச் சொல்வதில்லை. முதலில் சத்தத்தைக் கேட்கிறார்கள். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், சுவிட்ச், மோட்டாருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். மோட்டார் சுற்றியும் திரை அசையாவிட்டால் கேபிள் தேய்ந்திருக்கும், இல்லை பிளாஸ்டிக் கைடு உடைந்திருக்கும். கொஞ்சம் போய்த் திரும்பி வந்தால் பெரும்பாலும் திரை ஓடும் ரெயிலில் அடைப்பு. கை சிக்கியதாக நினைத்து மோட்டார் பின்வாங்குகிறது.

நம்ம பக்கம் இந்த மூன்றாவதைத்தான் முதலில் சந்தேகப்படணும். ஆடிக் காற்றில் வரும் மண் பழைய கிரீஸில் ஒட்டிக் களிம்பாகிவிடும். அதன்மேலேயே புது கிரீஸ் தடவினால் இன்னும் மோசம். இவர்கள் பழையதை முழுக்கத் துடைத்தெடுத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகப் பூசுகிறார்கள். பிறகு திரையை மூடிய நிலையில் சுவிட்சை அழுத்திப் பிடித்து, திரை எதுவரை போகணும் என்ற எல்லையை மோட்டாருக்கு மறுபடி பதிய வைக்கிறார்கள். இந்த முறை மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் நல்ல மோட்டாரும் பாதியிலேயே நிற்கும்.

ரூஃப் லைனிங் இறக்க வேண்டியிருந்தால் ஒரு நாள் ஆகும். கூரை ஓரத்தில் பக்கவாட்டு ஏர்பேக் இருப்பதால் பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகே கை வைக்கிறார்கள், அந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம். திருப்பூர், அவிநாசிக்காரர்கள் காலையிலேயே வந்துவிடுங்க.