சம்பளச் சீட்டு கையில் இல்லையா? பிஎஃப், வங்கி, இஎஸ்ஐ: எதைக் காட்டுவது?

வேலையை விட்டதும் சம்பளச் சீட்டு வரும் செயலி நம்மை வெளியே தள்ளிவிடும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மகளின் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்கப் போனபோது, இ-சேவை மையத்தில் கேட்ட முதல் கேள்வியே “சம்பளத்துக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?” என்பதுதான். பழைய கம்பெனிக்குப் போட்ட மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. அதனால் மற்ற ஆதாரங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டி வந்தது. கடைசியில் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்த சந்தா விவரத்தைத்தான் முதன்மை ஆதாரமாக வைத்தேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் சுலபமானவற்றை முடித்துவிடலாம். பழைய முதலாளி லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி ஒரு சம்பளச் சான்று கொடுத்தால் வேறெதுவும் வேண்டாம். இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம். சம்பளத்தில் பிடித்த வருமான வரிக்கு முதலாளி தரும் சான்றான படிவம் 16-ஐத் தேடி அலைய வேண்டாம். வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்களுக்கு அதைப் பெரும்பாலும் கொடுப்பதே இல்லை. வருமானவரித் தளத்தில் நம் பெயரில் ஏறிய வரிப் பிடித்தக் கணக்கான 26ஏஎஸ்-ஐத் திறந்தாலும் அதே கதைதான்: வரி பிடிக்காத சம்பளம் அதில் ஏறாது. போலீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கலாமே என்று ஒருவர் சொன்னார். சீட்டு தொலைந்தது என்பதைத்தான் அந்த ரசீது சொல்லும், சம்பளம் எவ்வளவு என்பதைச் சொல்லாது.

மிச்சம் மூன்று: பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக், வங்கி ஸ்டேட்மெண்ட், இஎஸ்ஐ பதிவு. மூன்றுமே செல்போனிலேயே கிடைத்துவிடும், மூன்றிலும் மாதவாரி கணக்கு உண்டு. எதை எடுத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே மாதச் சம்பளத்துக்கு இந்த மூன்றும் மூன்று வேறு தொகைகளைக் காட்டும். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

மாதம் 18,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம் (2025 நவம்பரில் ஊதிய வரையறை மாறுவதற்கு முந்தைய கணக்கு இது). அதில் அடிப்படைச் சம்பளம் 9,000, மீதி படிகள். பிஎஃப் பிடித்தம் அடிப்படையில் 12 சதவீதம், அதாவது 1,080. இஎஸ்ஐ பிடித்தம் மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 135. வங்கியில் விழுவது 16,785. இப்போது ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். பிஎஃப் பாஸ்புக்கில் ஊதியம் 1,08,000. வங்கியில் 2,01,420, தொழில்வரியாக ஆண்டுக்கு 2,500 பிடித்திருந்தால் 1,98,920. இஎஸ்ஐ பதிவில் 2,16,000.

இந்த வித்தியாசம் எங்கே உதைக்கும் என்றால், திட்டங்களின் வரம்புகளில். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் நலிவடைந்த பிரிவுக்கு வரம்பு 2 லட்சம். பட்டியலினத்தவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு மத்திய அரசு வைத்திருக்கும் வரம்பு 2.5 லட்சம். அந்த 18,000 ரூபாய்க்காரர் பிஎஃப் பாஸ்புக்கை மட்டும் நீட்டினால் மூன்றுக்கும் தகுதியானவராகத் தெரிவார். தொழில்வரி போக வங்கியில் விழுந்ததைக் காட்டினால் இரண்டுக்கு. உண்மையில் அவருக்குத் தகுதி இருப்பது கடைசி ஒன்றுக்குத்தான்.

‘குறைவாகக் காட்டினால் நல்லதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. விண்ணப்பத்தோடு உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நாம்தான். சம்பளக்காரருக்கு வருமானம் என்பது பிடித்தங்களுக்கு முந்தைய தொகை. பின்னால் யாராவது இரண்டு பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தால் சான்றிதழும் போகும், வாங்கிய உதவியும் கேள்விக்குள்ளாகும். அந்த நேரத்தில் ‘பாஸ்புக்கில் அப்படித்தான் இருந்தது’ என்று சொல்லித் தப்ப முடியாது.

இஎஸ்ஐ பதிவின் பலம், அது மொத்தச் சம்பளத்துக்கு மிக அருகில் நிற்பது. 2025 நவம்பருக்கு முன்பு ஓவர்டைம்கூட அதில் சேர்ந்தது: ஒருவர் இஎஸ்ஐ வரம்புக்குள் வருகிறாரா என்று பார்க்கும்போது ஓவர்டைமைக் கணக்கில் எடுக்கவில்லை, ஆனால் சந்தா பிடிக்கும்போது எடுத்தார்கள். இன்னொரு வசதி, சந்தா காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டாகப் பிரிந்திருப்பது. இரண்டையும் கூட்டினால் நிதியாண்டு அச்சுப் பிசகாமல் வந்துவிடும். வங்கி ஸ்டேட்மெண்டிலோ மார்ச் சம்பளம் ஏப்ரலில் விழுந்திருக்கும்; எந்த வரியை எந்த ஆண்டில் சேர்ப்பது என்று பென்சில் எடுத்துக் கோடு போட வேண்டும். அதுபோக, தம்பி ஜிபேயில் அனுப்பியது, சீட்டு எடுத்த பணம், நகைக்கடன் என்று எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அதிகாரி ஒவ்வொன்றாக ‘இது என்ன வரவு?’ என்று கேட்டால் நாம்தான் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

இஎஸ்ஐக்கான சம்பள வரம்பு மாதம் 21,000. வருமான வரம்புள்ள உதவிகளுக்கு விண்ணப்பிக்கும் சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் அதற்குள்தான் வருவார்கள். அதனால்தான் இதை யோசிக்காமல் விடுகிறார்களே என்று ஆச்சரியமாக இருக்கிறது. இஎஸ்ஐ என்றாலே மருந்து வாங்கும் க்யூ மட்டும்தான் பலருக்கு ஞாபகம் வருகிறது. தேவைப்படுவது பத்து இலக்கக் காப்பீட்டு எண். அது இ-பெச்சான் என்ற இஎஸ்ஐ அடையாள அட்டையில் இருக்கும். காப்பீட்டாளருக்கான தளத்தில் நுழைந்து சந்தா விவரத்தைத் திறந்தால் வேலை செய்த நாள், ஊதியம், பிடித்தம் எல்லாம் வரிசையாக வரும். பழைய செல்போன் எண் மாறிப்போயிருந்தால் மட்டும் கிளை அலுவலகம்வரை ஒரு நடை போக வேண்டியிருக்கும்.

குறையும் உண்டு. ஆண்டு போனஸ் அதில் வராது. அதற்காக வங்கி ஸ்டேட்மெண்டைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். தீபாவளிக்கு முன்னால் விழுந்த தொகையை மட்டும் குறித்து, இஎஸ்ஐ கூட்டுத்தொகையோடு சேர்த்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இணைத்தேன். கிராம நிர்வாக அலுவலர் அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தார். “கணக்கு எழுதியே கொண்டாந்துட்டீங்களா, சரி” என்றவர், குடும்பத்தில் வேறு யாருக்கு வருமானம், நிலம் உண்டா என்று கேட்டுவிட்டு மேலே அனுப்பிவிட்டார். எல்லா ஊரிலும் இப்படியே ஏற்றுக்கொள்வார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. எனக்கு நடந்தது ஓர் ஊரில், ஓர் அதிகாரியிடம். விண்ணப்பத்தைப் பதிவேற்றும் முன் உங்கள் ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கம்பெனி பிடித்தம் செய்துவிட்டு இஎஸ்ஐக்குக் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால் பதிவில் ஓட்டை விழுந்திருக்கும். எனக்கு அப்படி நேரவில்லை. நேர்ந்திருந்தால் அந்த மாதங்களுக்கு மட்டும் வங்கி வரவை எடுத்து, பிடித்தத்தைக் கூட்டிப் போட்டிருப்பேன். கூலி வேலை, சொந்தத் தொழில் என்று எந்தப் பதிவுமே இல்லாதவர்களுக்கு இந்த ஒப்பீடு உதவாது. அவர்களுக்கு உறுதிமொழியும் நேரடி விசாரணையும்தான் வழி. மாதம் 21,000-க்கு மேல் வாங்குபவர்கள் முழுச் சம்பளத்தையும் காட்டும் வேறு காகிதத்தைத்தான் தேட வேண்டும். வரி பிடித்திருந்தால் 26ஏஎஸ் உதவும். இல்லையென்றால் பழைய கம்பெனியை விடாமல் நச்சரிப்பதுதான்.