கருத்துக் கேட்பா, கிராம சபையின் ஒப்புதலா?

சுரங்கத் திட்டக் கோப்புகள் வந்து சேரும் சுற்றுச்சூழல் அமைச்சகம் தில்லி ஜோர் பாகில், கரோல் பாகில் வாழும் எங்களுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. மலையோரத்து மக்களின் சொல் அங்கே எந்த வடிவில் போய்ச் சேருகிறது என்பதே என் கவலை.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆனால் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் இல்லை. பந்தலில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் கூட்டத்தைத் தொடங்கலாம். எதிர்ப்பு பதிவாகுமே தவிர, அதுவே திட்டத்தை நிறுத்திவிடாது.

அதே 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டத்தின் கிராம சபை வேறு வகை. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப் பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது பெண்களாக இருக்க வேண்டும். ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் வெட்டும் திட்டத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2013 ஏப்ரல் 18 தீர்ப்பின்படி கூடிய 12 கிராம சபைகளும் ஒருமனதாக மறுத்தன. மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்ரியா கோந்த் மக்களின் சொல் அன்று எடைபெற்றது. 2014 ஜனவரியில் அமைச்சகமும் அனுமதியை மறுத்தது.

நான் இரண்டாவதையே தேர்வேன். வன நிலத்தோடு அது நின்றுவிடுவதுதான் பெருங்குறை. கடலோர மீனவருக்கு இன்னமும் அந்தப் பந்தல் மட்டுமே இருக்கிறது.