செந்தோசா தீம் பார்க் டிக்கெட்: 486 வெள்ளி போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

486 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்றிலிருந்து என் மண்டைக்குள் ஓடுவது அந்த எண் ஒன்றுதான். காசு போய் ஆறு நாளாகிறது. போனது என்று தெரிந்தது நேற்றுக் காலை 10.40-க்கு, செந்தோசா தீவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீம் பார்க் வாசலில், குடும்பத்தோடு நிற்கும்போது.

ஊரிலிருந்து அப்பா, அம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். நானும் மனைவியும் சேர்த்து எட்டுப் பேர். அப்பாவுக்கு முட்டி வலி. "என்னை ஓட வைக்காதேப்பா, உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது பண்ணு" என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார். அதனால் நாளுக்கு ஒன்றிரண்டு இடம் என்று நிதானமாகத்தான் போட்டிருந்தேன். முதல் நாள் தேக்கா (லிட்டில் இந்தியா), சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில். இரண்டாம் நாள் காலை சைனாடவுன் மாரியம்மன் கோயில் (1827-ல் தொடங்கிய கோயில் என்றதும் அப்பா ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தார்), சாயங்காலம் மெர்லயன் சிலை, அப்படியே கரையோரப் பூந்தோட்டத்தில் (கார்டன்ஸ் பை த பே) 7.45 ஒளிக்காட்சி. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் ஒளிக்காட்சி தள்ளிப்போனது. மூன்றாம் நாள் முழுக்கத் தீம் பார்க். நான்காம் நாள் மேல்தளம் திறந்த சுற்றுலாப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றிவிடலாம், முட்டிக்கு வேலையே இல்லை.

பையன்களுக்கு மூன்றாம் நாள்தான் முக்கியம். பெரியவனுக்கு ஏழு வயது. மம்மி ரைடுக்குக் குறைந்தது 122 செ.மீ. உயரம் வேண்டும் என்று எங்கோ பார்த்துவிட்டான். வந்த அன்றே கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்று பென்சிலால் கோடு போடச் சொன்னான். 121. "ரெண்டு சாக்ஸ் போட்டா வந்துடும் மாமா" என்றான். அந்தக் கோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. காலையில் அந்தப் பக்கம் போனாலே வயிறு எரிகிறது.

சரி, ஏமாந்த கதை. பெரியவர்களுக்கு டிக்கெட் தலைக்கு எண்பது வெள்ளிக்கு மேல். எட்டுப் பேருக்குக் கணக்குப் போட்டால் மாதக் கடைசியில் மூச்சு முட்டுகிறது. பழைய பொருள்களை வாங்கி விற்கும் ஒரு செயலியில் தேடினேன். சோபா, சைக்கிள் எல்லாம் விற்பார்களே, அந்த மாதிரி. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கம்பெனிக் குடும்ப தினத்துக்கு வாங்கி மிஞ்சிய டிக்கெட்டுகள் என்று ஒரு விளம்பரம். பெரியவர்களுக்கு 62, பிள்ளைகளுக்கு 57. எட்டு டிக்கெட்டும் சேர்ந்து எடுத்தால் சுற்றுலாப் பஸ் டிக்கெட் இலவசம்.

அந்த "இலவசம்" என்ற இடத்திலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம், விற்றவன் தமிழில் பேசினான்.

என் பெயரைப் பார்த்துவிட்டு "அண்ணே, தமிழா?" என்று கேட்டான். அதுவரை ஆங்கிலத்தில் ஒற்றை வரியாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நான் அதோடு இளகிவிட்டேன். வாட்ஸ்அப்புக்கு வாங்க அண்ணே என்றான், போனேன். யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்தான். அம்மா அப்பா என்றதும், "வயசானவங்களா? அப்போ பத்து மணிக்கே போய் வரிசையில நிக்க வைக்காதீங்க அண்ணே. பத்தே முக்கால், பதினொன்னுக்குப் போங்க, கூட்டம் உள்ளே போயிடும். வெயிலுக்குத் தொப்பி எடுத்துக்குங்க, சின்னவனுக்கு மாத்துத் துணி ஒன்னு வச்சுக்குங்க, தண்ணி ரைடு இருக்கு" என்று எழுதினான். என் சொந்தத் தம்பி இவ்வளவு யோசிக்க மாட்டான். மனைவியிடம் வாசித்துக்கூடக் காட்டினேன்.

பதினொரு மணிக்குப் போகச் சொன்னது எதற்கு என்று இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. பத்து மணிக்கு அதே டிக்கெட்டோடு வேறொரு கூட்டம் போயாக வேண்டுமே!

பேநவ்வில் (போன் எண்ணை வைத்தே வங்கியிலிருந்து பணம் அனுப்பும் வசதி) அவன் கொடுத்த எண்ணைத் தட்டினேன். திரையில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கட்டைவிரல் நின்றது, பொய் சொல்லவில்லை. மனைவி பக்கத்திலிருந்து "யாருன்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். "என் ஒய்ஃப் அக்கவுண்ட் அண்ணே, என்னோடது சம்பள அக்கவுண்ட்" என்று இரண்டு நொடியில் பதில். செயலி வழியாகவே கட்டிவிடுகிறேனே என்றதற்கு, "தாராளமா கட்டுங்க, ஆனா அவங்க கமிஷன் பிடிப்பாங்க, 62-க்குக் கட்டுப்படியாகாது அண்ணே" என்றான். நியாயமாகத்தான் பட்டது. அனுப்பிவிட்டேன். 486 வெள்ளி. எட்டு நிமிடத்தில் டிக்கெட்டும் வந்துவிட்டது. தேதி சரி, எட்டுப் பட்டைக்குறிகள் (பார்கோடு), எல்லாம் பளிச்சென்று இருந்தன. பஸ் டிக்கெட் மட்டும் "பார்க்குக்குப் போன அன்னிக்கு ராத்திரி தானா வரும்" என்றான்.

நேற்று நிதானமாகக் கிளம்பி, விவோசிட்டி பேரங்காடியின் மூன்றாம் மாடியில் செந்தோசா ரயில் ஏறி இறங்கினோம். வாசலில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பெரிய உலக உருண்டைக்கு முன்னால் எட்டுப் பேரும் படம் எடுத்துக்கொண்டோம். (அதற்கு டிக்கெட் வேண்டாம் என்பதைக் கவனிக்கவும். நேற்று நாங்கள் அனுபவித்தது அது ஒன்றுதான்.) வரிசையில் பெரியவன் முதலில் ஓடினான். ஸ்கேனரில் அவன் டிக்கெட்டைக் காட்டினேன், பச்சை விளக்கு. உள்ளே குதித்துப் போய் நின்றான். அடுத்து சின்னவன், சிவப்பு. அம்மா, சிவப்பு. அப்பா, அக்கா, அத்தான், எல்லாம் சிவப்பு. திரை வெளிச்சத்தைக் கூட்டினேன், போனைத் துடைத்தேன், மறுபடி காட்டினேன். ஊழியர் பெண் அமைதியாக, "இவை 10.06-க்கே உள்ளே போய்விட்டன சார்" என்றார்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவன் தனியாக நிற்கிறான். நாங்கள் ஏழு பேர் இந்தப் பக்கம். "வாங்க மாமா, வாங்க" என்று கையாட்டுகிறான். அப்புறம் அவனுக்கே ஏதோ புரிந்து, உதடு துடிக்க ஆரம்பித்தது. அந்தப் பெண்தான் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து விட்டார். ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ்.

எனக்கு வந்தது போலி டிக்கெட் இல்லை, அசல். ஒரே டிக்கெட்டைப் பலருக்கு விற்றிருக்கிறான். பட்டைக்குறி என்பது வெறும் எண்தானே, யார் முதலில் காட்டுகிறாரோ அவர் உள்ளே, மற்றவர்கள் வெளியே. கையில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. டிக்கெட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஆராய்ந்து திருப்திப்பட்டுக்கொண்டேன் பாருங்கள், அந்த மடத்தனத்தை என்ன சொல்ல. ஒன்று வேலை செய்ததே, அப்படியானால் நஷ்டம் 429 தானே என்று கணக்குச் சொல்ல யாரும் வர வேண்டாம். 486.

அப்புறம்தான் அலைக்கழிப்பு. வாசலிலிருந்தே அவனுக்கு எழுதினேன். "ஸ்கேனர் கோளாறா இருக்கும் அண்ணே, பத்து நிமிஷம் கழிச்சுக் காட்டுங்க." காட்டினேன், சிவப்பு. "பார்க் கவுண்டர்ல கேளுங்க, அது அவங்க பொறுப்பு." அடுத்த செய்திக்கு நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. அதற்கடுத்து அவன் படமே காணோம்.

செயலியின் வாடிக்கையாளர் சேவையில் மனிதரைப் பிடிக்கவே மூன்று மணி நேரம். அதுவரை "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று இயந்திரம் பதில் போட்டது. கடைசியில் வந்த மனிதர், பணம் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே எங்கள் பாதுகாப்பு பொருந்தாது என்றார். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதோடு விட்டாரா? ஒரு டிக்கெட் வேலை செய்ததாக நீங்களே எழுதியிருப்பதால் இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான கருத்து வேறுபாடு என்று புகாரை மூடிவிட்டார். கருத்து வேறுபாடாம்! திரும்பத் திறந்தேன், திரும்ப மூடினார்கள். அந்த விற்பனையாளரின் பக்கம் அப்போதும் உயிரோடுதான் இருந்தது.

வங்கியில் 25 நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு, நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் என்றார்கள். 2024 டிசம்பரில் மோசடி இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் விதி ஒன்று வந்ததே என்றேன். அது போலி இணையத்தளத்தில் உங்கள் வங்கி விவரம் திருடு போனால்தான், நீங்களாகவே அனுப்பியதற்கு இல்லை என்றார்கள். பிறகு விசாரித்துப் பார்த்தேன், விதி அப்படித்தான் இருக்கிறது. போலீஸ் புகாரும் கொடுத்தாயிற்று. அந்தக் கணக்கில் இனி என்ன மிச்சம் இருக்கப்போகிறது?

அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிலோசோ கடற்கரையில் மணலில் உட்கார்ந்துகொண்டு "இதுவும் நல்லாத்தான்டா இருக்கு, உட்காரத்தானே கேட்டேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இதிலிருந்து தப்பிக்கும் வழிகளை விரிவாக எழுதுவதாக நேற்று ராத்திரி நண்பர்களிடம் சொன்னேன். நேரமில்லை, சுருக்கமாக:

தேதி போட்ட டிக்கெட்டைத் தனியாளிடம் வாங்காதீர்கள். பார்க்கின் சொந்தத் தளம், இல்லையென்றால் பதிவுபெற்ற பயண நிறுவனம்.

பேநவ்வில் வருகிற பெயர் பேசுகிற ஆளின் பெயர் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். மனைவி, முதலாளி, தம்பி, எந்தக் கதையும் வேண்டாம்.

செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் 1799-க்கு அடியுங்கள், ஸ்கேம்ஷீல்ட் என்ற மோசடித் தடுப்பு உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். காசு அனுப்பும் முன் அடிக்க வேண்டும். நான் அனுப்பி ஐந்து நாள் கழித்து அடித்தேன்.

தமிழில் அண்ணே என்று கூப்பிட்டால்... சரி, விடுங்கள்.

அக்கா வாசலில் நின்று கூப்பிடுகிறாள். 7.45-ஐ விட்டாயிற்று, 8.45 ஒளிக்காட்சிக்காவது போக வேண்டும், அது இலவசம். இப்போதுதான் மனைவி போனை நீட்டினாள்: அதே டிக்கெட் படம், வேறு பெயர், அடுத்த சனிக்கிழமை தேதி, பெரியவர்களுக்கு 60 வெள்ளி.